கிட் காரில் சைலன்சர் சூடு: பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை

பாகங்களாக வாங்கி வீட்டு கேரேஜில் நாமே கட்டிய கிட் காரில் எஞ்சின் முதல் தடவை ஸ்டார்ட் ஆகும் நாள் பெரிய நாள். மாதக்கணக்காகப் பெட்டி பெட்டியாகக் கிடந்த சாமான்களெல்லாம் ஒன்றுசேர்ந்து உறுமும்போது நெஞ்சு நிறைந்துவிடும். அன்று சாயங்காலமே பானட்டை மாட்டி, கார்பெட்டை ஒட்டி, பெயின்ட் கடைக்குப் போன் போடலாம் என்று கை பரபரக்கும். அங்கேதான் கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன். சூடு எங்கே போகிறது என்று தெரியாமல் ஒரு காருக்குப் பூச்சு வேலை செய்யக் கூடாது.

நான் அந்தத் தப்பைச் செய்தவன். என் கிட்டில் பானட் ஃபைபர். மஞ்சள் நிறத்தில் பளபளவென்று முடித்து வைத்திருந்தேன். ஒரு ஜூலை மாதம் சாலை வேலைக்காக வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். இருபது நிமிடம் எஞ்சினை அணைக்காமல் நின்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் முதல் குழாயான மேனிஃபோல்டுக்கு நேர் மேலே உள்ளங்கை அகலத்துக்கு மேற்பூச்சு கொப்பளித்திருந்தது. சுரண்டி, பட்டி பார்த்து, மறுபடி நிறம் சேர்த்து முடிக்க ஆறு வாரம் போனது. முன்னாலேயே ஒரு சனிக்கிழமை ஒதுக்கி அளந்து பார்த்திருந்தால் போதும். அந்தச் சனிக்கிழமையை நீங்கள் எப்படிச் செலவிட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

இங்கிலாந்தில் அதிகம் பேர் வீட்டில் கட்டும் செவன் வகைக் காரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். 1957-ல் காலின் சாப்மேனின் லோட்டஸ் நிறுவனம் கொண்டுவந்த லோட்டஸ் செவன்தான் இதற்கெல்லாம் மூலம். முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக வாங்கிக் கட்டினால் கிடையாது என்பதால் அந்தக் காலத்திலேயே பலர் அதை வீட்டில் கட்டினார்கள். 1973-ல் தயாரிப்பு உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. அதன் பிறகு அதே வடிவத்தில் வேறு பல கிட்டுகளும் வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் உடம்பு ஒன்றுதான்: குறுகலான எஞ்சின் அறை, மெல்லிய அலுமினியத் தகடு, ஃபைபர் மூக்கு, எஞ்சின் அறையைப் பிரிக்கும் தடுப்புத் தகட்டுக்கு அந்தப் பக்கம் உடனே ஓட்டுநரின் கால். பல கார்களில் எக்ஸாஸ்ட் குழாய் பக்கவாட்டுத் தகட்டைத் துளைத்து வெளியே வந்து, உட்காருபவரின் முழங்கைக்குக் கீழே ஓடும். பெரிய காரில் காற்றுக்குக் கிடைக்கும் இடம் இதில் கிடைக்காது.

சூடு வரும் வழி

காய்ந்த தோசைக்கல்லுக்குப் பக்கவாட்டில், தொடாமல், கையை நீட்டுங்கள். வெக்கை அடிக்கும். நடுவில் ஒரு எவர்சில்வர் தட்டைப் பிடித்தால் சட்டென்று நின்றுவிடும். அது கதிர்வீச்சு. கல்லுக்கு மேலே கையைக் கொண்டுபோனால் எழும்பும் சூடான காற்றும் சேர்ந்து சுடும். பிடியைத் தொட்டால் இரும்பு வழியே வந்த சூடு. காரிலும் இந்த மூன்றேதான். மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் இருப்பவற்றைப் பெரும்பாலும் வறுப்பது முதலாவது, அதாவது கதிர்வீச்சு.

பெட்ரோல் எஞ்சினை முழுக்க மிதித்து ஓட்டும்போது வெளியே வரும் வாயு 800, 900 டிகிரி வரை போகும். குழாயின் மேல்தோல் சில நூறு டிகிரி இருக்கும். கதிர்வீச்சு வெப்பநிலையோடு நேராக ஏறுவதில்லை, நான்மடியாக ஏறுகிறது. குழாய் 500 டிகிரியிலிருந்து 600-க்குப் போனால் அது வீசும் வெக்கை சுமார் 60 சதவீதம் கூடிவிடும். இதை நல்ல செய்தியாகவும் எடுத்துக்கொள்ளலாம். குழாயின் தோல் கொஞ்சம் குளிர்ந்தாலே அக்கம்பக்கத்துக்குப் பெரிய நிம்மதி.

இப்போது டார்ச் எடுத்துக்கொண்டு எஞ்சின் அறைக்குள் குனியுங்கள். குழாய்க்கு ஒரு சாண் தூரத்துக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். பிரேக் ஆயில் குழாய் இருந்தால் அதுதான் பட்டியலில் முதலில் வர வேண்டும். டாட் 4 பிரேக் ஆயிலுக்குத் தர விதி சொல்லும் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி. கொதித்து உள்ளே ஆவிக்குமிழ் உண்டானால் பெடல் தரைவரை போய்விடும், கார் நிற்காது. கிளட்ச் குழாய்க்கும் இதே கதைதான். அடுத்து பெட்ரோல் குழாய். அப்புறம் ஒயர்கள்: சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரிக்குத்தான் தாங்கும், கார்களுக்கென்று வரும் மெல்லிய உறை ஒயர் 105 வரை தாங்கும். ஸ்டீயரிங் கம்பியின் மூட்டு, அதன் ரப்பர் உறை, ஸ்டார்ட்டர் மோட்டார், ஃபைபர் பாகங்கள். பாலியெஸ்டர் பிசினில் செய்த சாதாரண ஃபைபர் 100 டிகிரி தொடுவதற்கு முன்பே இளக ஆரம்பிக்கும். என் பானட் கொப்பளித்தது இதனால்தான்.

குழாய்க்கு நீள இடம் கொடுங்கள்

சூட்டைத் தடுக்கும் முன் குழாயைச் சரியாகத் தொங்கவிட வேண்டும். ஒரு மீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய் 500 டிகிரி சூடேறினால் எட்டரை மில்லிமீட்டர் நீளும். சாதா இரும்பு என்றால் ஆறு. அது போக, எஞ்சின் தன் ரப்பர் மவுண்டில் ஆடும். இரண்டு முனையையும் சேசிஸோடு இறுக்கிவிட்டால் அந்த நீளம் போக இடமில்லாமல் மேனிஃபோல்டின் வெல்டிங்கில் விரிசலாக வெளிப்படும். அதனால் மேனிஃபோல்டை எஞ்சினோடு இறுக்குங்கள், சைலன்சரை ரப்பரில் தொங்கவிடுங்கள், நடுவில் ஸ்பிரிங் போட்ட வழுக்கு மூட்டோ வளையும் மூட்டோ ஒன்று இருக்கட்டும். பக்கவாட்டுத் தகட்டில் குழாய் வெளியே வரும் ஓட்டையை, குழாயைச் சுற்றி ஒரு விரல் நுழையும் அளவுக்கு வெட்டுங்கள். ‘இடைவெளி அசிங்கமாகத் தெரிகிறதே’ என்று தோன்றும். தோன்றட்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் குழாய் தகட்டில் தட்டித் தட்டி பெயின்டை உரித்துவிடும்.

எல்லா மூட்டையும் முதலில் கையால் மட்டும் முடுக்கி, குழாய் தானாகப் போய் உட்கார்ந்த பிறகு எஞ்சின் பக்கமிருந்து ஆரம்பித்து ஸ்பேனர் போடுங்கள். மேனிஃபோல்டுக்குத் தாமிரப் பூச்சுள்ள லாக் நட்டு நல்லது, இறுகிப் பிடித்துக்கொள்ளாது. பிறகு கசிவு பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒருவர் தடித்த கையுறையும் மடித்த துணியுமாக வால்குழாயை ஒரு நொடி பாதி அடைக்க, இன்னொருவர் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்க்கலாம். கசியும் மூட்டிலிருந்து வரும் வாயு பக்கத்தில் இருப்பதைத் தீக்கொழுந்து போலச் சுடும். அதற்கு எந்தத் தகடும் நிற்காது.

அளந்து பார்க்கும் சனிக்கிழமை

திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய கேரேஜில் எஞ்சினை ஓட்டவே கூடாது. பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

துப்பாக்கி போல இருக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி விலை மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் ஒரு விஷயம் தெரியாமல் பிடித்தால் அது ஏமாற்றிவிடும். பளபளக்கும் அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் தங்கள் சூட்டைக் கொஞ்சமாகத்தான் வீசும், சுற்றியிருப்பதைக் கண்ணாடி போலப் பிரதிபலிக்கும். 150 டிகிரித் தகட்டைப் பார்த்து அந்தக் கருவி 50 என்று சொல்லும். அளக்க வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சூடு தாங்கும் கறுப்பு மேட் பெயின்டைத் தொட்டு வையுங்கள். அதிகம் சூடேறாத இடத்தில் கறுப்பு டேப் போதும். பக்கத்தில் சாக்பீஸால் எண் போடுங்கள்: 1 பிரேக் குழாய், 2 ஸ்டீயரிங் மூட்டு, 3 கால் பக்கத் தடுப்பு, இப்படி. ஓடும்போது கண்ணுக்கு எட்டாத இடங்களில், சூடு பட்டால் நிறம் மாறி அப்படியே நின்றுவிடும் வெப்பநிலை ஸ்டிக்கர் ஒட்டலாம். பானட்டின் அடிப்பக்கத்துக்கு அதுதான் சரி.

பானட்டை மூடி, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை ஐடிலில் விடுங்கள். திறந்து எல்லா எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் எஞ்சினை அணைத்து, பானட்டை மூடி, பத்து நிமிடம் கழித்து மறுபடி குறியுங்கள். புதிதாகக் கட்டுபவர்கள் பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது அளவைத்தான். அணைத்த பிறகு காற்றும் இல்லை, தண்ணீர் ஓட்டமும் இல்லை. மேனிஃபோல்டில் தேங்கிய சூடு முழுக்க அக்கம்பக்கத்தில் இறங்கும். பெட்ரோல் குழாயும் ஸ்டார்ட்டரும் அதிகம் காய்வது அப்போதுதான். பெட்ரோல் போட நிறுத்திவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும் கார்களில் இதையும் சந்தேகப்படுங்கள்.

நோட்டில் இரண்டு வரிசை எண்கள் வந்துவிட்டன. எங்கே மருந்து வேண்டும் என்று இப்போது அதுவே சொல்லும்.

மருந்து கொடுக்கும் வரிசை

முதலில் தூரம். ஒரு பிரேக் குழாயைக் கழற்றி சேசிஸ் குழாயின் மறுபக்கம் கொண்டுபோக ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் அதற்குப் பிறகு அந்த இடத்தைப் பற்றி வாழ்நாள் முழுக்க யோசிக்க வேண்டாம். விலைக்கு வாங்கும் எந்தப் பொருளும் இதற்கு ஈடாகாது. ஒயர் கட்டையும் அப்படியே நகர்த்தி, பி-கிளிப் (ரப்பர் வைத்த உலோகப் பிடி) போட்டுப் பிடித்துவிடுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் கேபிள் டை அறுந்தால் ஒயர் நேராகக் குழாய்மேல் விழும்.

நகர்த்த முடியாததற்குத் தகடு. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கிறது என்றாலும் வீட்டில் செய்வதே அளவாக உட்காரும். சீரியல் டப்பா அட்டையை வெட்டி, அந்த இடத்தில் வைத்து, மடித்து, மறுபடி வெட்டி வடிவம் எடுங்கள். பிறகு ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் அந்த அட்டையை வைத்து வரையுங்கள். சுற்றிலும் பத்து மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டி, அந்த ஓரத்தை மரக்கட்டைமேல் வைத்து ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டி முழுக்க மடக்கிவிடுங்கள். தகடு விறைப்பாகும், அதிராது, கையையும் கிழிக்காது. மூலைகளை அரத்தால் உருட்டி, உப்புத்தாள் போட்டுப் பிசிறு எடுங்கள். பொருத்தும்போது தகட்டுக்கும் காக்க வேண்டிய பொருளுக்கும் நடுவில் 15 மில்லிமீட்டர் உலோகக் குழல் கொடுத்து ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுங்கள். அந்தக் காற்று இடைவெளிதான் பாதி வேலையைச் செய்கிறது. மேலும் கீழும் திறந்திருந்தால் சூடான காற்று புகைபோக்கி மாதிரி தானாக ஏறி வெளியே போகும். ஓட்டைகளை வட்டமாகப் போடாமல் நீள்வட்டமாக எடுங்கள், தகடும் நீளும் அல்லவா. அலுமினியத்தை ஸ்டெயின்லெஸ் தொடும் இடத்தில் மழைநீர் பட்டால் அலுமினியம் அரித்துப் போகும். நடுவில் டூராலாக் போன்ற பசை தடவினால் தொல்லையில்லை.

மேனிஃபோல்டை ஒட்டி ஒரு விரல் தூரத்தில்தான் தகடு வர முடியும் என்றால் அங்கே ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாறுங்கள். அலுமினியம் 660 டிகிரியில்தான் உருகும் என்றாலும் 200 தாண்டினாலே பலம் இறங்கத் தொடங்கும். அலுமினியத் தகடு எதுவானாலும் பளபளப்பாக வைத்திருங்கள். எண்ணெயும் தூசியும் படிந்தால் அது வெக்கையைத் திருப்பியடிக்காது, தானே உறிஞ்சிக்கொள்ளும்.

ரப்பர் குழாய்களுக்கு சிலிகான் பூசிய கண்ணாடி இழை உறை கிடைக்கிறது. தொடர்ந்து 260 டிகிரி வரை தாங்கும். பெட்ரோல் குழாய் எஞ்சின் அறைக்குள் வரும் கடைசித் துண்டுக்கு நான் கட்டாயம் போடுவேன்.

அடுத்தது காற்று. ரேடியேட்டர் வழியே உள்ளே வந்த சூடான காற்று வெளியேற வழியில்லாவிட்டால் நீங்கள் போட்ட தகடெல்லாம் அடுப்புக்குள் வைத்த தகடுதான். உள்ளே வரும் வழியைவிட வெளியேறும் வழி பெரிதாக இருக்க வேண்டும். பானட்டிலும் பக்கத் தகட்டிலும் பின்னோக்கித் திறக்கும் செவுள்கள் வைக்கலாம். விண்ட்ஸ்கிரீனின் காலடியில் மட்டும் வேண்டாம். ஓடும்போது அங்கே காற்றழுத்தம் அதிகம், சூடான காற்று வெளியே வருவதற்குப் பதில் வெளிக்காற்று உள்ளே தள்ளப்படும். எங்கே வெட்டுவது என்று சந்தேகம் வந்தால், விரல் நீளக் கம்பளி நூல்களை டேப்பால் பானட் முழுக்க ஒட்டி, பாதுகாப்பான இடத்தில் ஓட்டச் சொல்லி, பக்கத்துக் காரிலிருந்து வீடியோ எடுங்கள். நூல்கள் தகட்டைவிட்டு மேலே எழும்பி நிற்கும் இடமும், முன்னோக்கித் திரும்பும் இடமும் தெளிவாகத் தெரியும். காற்று ஒழுங்காகப் பின்னோக்கி ஓடாத அந்த இடங்களைத் தவிர்த்து வெட்டுங்கள். வெட்டிய பிறகு ஒட்ட முடியாத வேலை என்பதால் இந்த ஒரு மணி நேரத்தைத் தயங்காமல் செலவிடுங்கள். ரேடியேட்டரைச் சுற்றியுள்ள இடுக்குகளையும் நுரைப்பட்டையால் அடைத்துவிடுங்கள். காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் பக்கத்தில் நழுவிப் போவதில் யாருக்கும் லாபமில்லை.

எக்ஸாஸ்ட் ராப் என்கிற சுற்றுத்துணியைக் கடைசியில் வைக்கிறேன். சூட்டை அது நன்றாகவே அடக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் உள்ளேயே அடங்கிய சூட்டில் குழாயின் உலோகம் இன்னும் காயும், ஈரமும் தங்கும். சாதா இரும்புக் குழாயில் சுற்றினால் உள்ளே துருப்பிடித்துச் செதில் செதிலாக உரிவது வெளியே தெரியாது. எண்ணெய் ஊறிவிட்டால் தீப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் குழாயில், வேறு வழியில்லாத ஒரு துண்டுக்கு மட்டும் என்றால் சரி. கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் போட்டு, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின்மேல் ஒரு சென்டிமீட்டர் ஏறும்படி இழுத்துச் சுற்றி, ஸ்டெயின்லெஸ் பட்டையால் கட்டுங்கள். முதல் தடவை சூடேறும்போது புகையும், வெளியில் வைத்துச் செய்யுங்கள். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சுற்றவே வேண்டாம், ஏற்கெனவே அது போதுமான அளவுக்குக் காய்கிறது. கையில் பணமிருந்தால் ராப்பைவிட செராமிக் பூச்சு எனக்குப் பிடிக்கும். ஆனால் குழாயில் வெட்டுவது, வெல்டிங் வைப்பது எல்லாம் முடிந்த பிறகே பூச்சுக்கு அனுப்புங்கள்.

காலும் மூச்சும்

தடுப்புத் தகட்டில் ஒயர், கேபிள், ஸ்டீயரிங் கம்பி நுழையும் ஒவ்வொரு ஓட்டைக்கும் ரப்பர் வளையமோ உறையோ போட்டு அடையுங்கள். வெக்கையோடு எக்ஸாஸ்ட் வாயுவும் அதே ஓட்டை வழியாகத்தான் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இருட்டில் எஞ்சின் அறைக்குள் விளக்கைப் போட்டுவிட்டு, சீட்டில் உட்கார்ந்து கால் பக்கம் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் அடைக்க வேண்டிய இடம்.

வெளியே ஓடும் சைலன்சருக்கு, துளைகள் போட்ட ஸ்டெயின்லெஸ் காப்புத் தகடு ஒன்றை இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். செவன் வகைக் கார்களில் இறங்கும்போது கெண்டைக்காலில் சுட்டுக்கொள்வது பலருக்கும் நடந்திருக்கிறது. அரைக்கால் சட்டை போட்டு வரும் குழந்தைகளை நினைத்தாவது இதைத் தள்ளிப்போடாதீர்கள். சுட்டுக்கொண்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும்.

இனி பூச்சு வேலை

மறுபடி ஒரு முறை ஓட்டி, அளந்து, பழைய எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திருப்தி என்றால், இப்போது எல்லாவற்றையும் கழற்றிப் பெயின்டுக்கு அனுப்பலாம். ஃபைபர் பானட்டின் அடியில், குழாய்க்கு மேலே வரும் இடத்தில் பளபளப்பான வெப்பத்தாளை ஒட்டுங்கள். ஒட்டும் முன் உப்புத்தாள் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைக்காவிட்டால் ஒரே கோடையில் தொங்கிவிடும்.

பிரிட்டனில் வீட்டில் கட்டிய கார் சாலைக்கு வர, வாகனத் தரத்தைக் கவனிக்கும் அரசு அமைப்பான டி.வி.எஸ்.ஏ. நடத்தும் ஐ.வி.ஏ. என்கிற தனி வாகன அனுமதிச் சோதனையில் தேற வேண்டும். நம் விஷயத்தோடு தொடர்புள்ள இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, வெளிப்புறத்தில் உடம்பு படக்கூடிய விளிம்புகள் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருண்டிருக்க வேண்டும். நீங்கள் போட்ட காப்புத் தகட்டின் ஓரம், செவுள், போல்ட் தலை எல்லாம் இதில் அடங்கும். 5 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் வளைவை விளிம்போடு ஒப்பிட்டால் வீட்டிலேயே கண்டுகொள்ளலாம். இன்னொன்று சத்தம். எஞ்சினின் உச்ச சக்தி வேகத்தில் முக்கால் பங்கில் ஓடவிட்டு, வால்குழாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் அளப்பார்கள். வரம்பு 99 டெசிபல். சைலன்சருக்குள் அடைத்த நாரை எக்ஸாஸ்ட் சூடு தின்றுகொண்டே இருக்கும், அதோடு சத்தமும் ஏறும். சோதனைக்கு முன் புது நார் அடைத்துக்கொண்டு போவது நல்லது. தேறிய சான்றிதழோடு வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வுக்கு விண்ணப்பித்தால் நம்பர் கிடைக்கும்.

சாலைக்கு வந்த பிறகு முதல் 10 மைல், அப்புறம் 50, அப்புறம் 100 மைலில் நிறுத்தி, எஞ்சின் நன்றாக ஆறிய பின் மேனிஃபோல்டு நட்டு, தகட்டு போல்ட், சைலன்சர் ரப்பர் எல்லாவற்றையும் பாருங்கள். முடுக்கிய ஒவ்வொரு நட்டின்மேலும் ஒரு கோடு பெயின்ட் இழுத்து வைத்தால், திரும்பியிருந்தால் பார்த்ததுமே தெரிந்துவிடும். 500 மைல் ஆனதும் அந்த வெப்பமானியை மறுபடி எடுத்து, கறுப்புப் புள்ளிகளில் அளந்து, நோட்டில் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புது எண்ணை எழுதுங்கள். ஏதாவது ஓர் இடம் மட்டும் முப்பது, நாற்பது டிகிரி ஏறியிருந்தால் அங்கே ஒரு மூட்டு கசிகிறதா, ஒரு தகடு சாய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.